டெல்டா வயலில் சர்வே கல்லைக் கண்டுபிடித்து அடையாளம் காண்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

மண்வெட்டியில் ‘ணங்’ என்று ஒரு கல் தட்டுப்பட்டதும் பெரும்பாலோர் அதிலிருந்து கயிறு பிடித்து, “எல்லை இதோ” என்று சொல்லிவிடுவார்கள். மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் சொந்தக்காரர், தெரிந்தவர் வயல்களில் கூட நின்று அளந்து பார்த்திருக்கிறேன். கல் இல்லாத இடத்தில் தகராறு குறைவு. தப்பான கல்லை நம்பிய இடத்தில்தான் அதிகம்.

ஒற்றைக் கல் எதையும் நிரூபிக்காது. புலப்படத்தில், அதாவது நிலத்தின் அளவு வரைபடத்தில், எழுதியிருக்கும் தூரம் வேறு இரண்டு கற்களிலிருந்து ஒத்து வந்தால்தான் அதை நில அளவையில் எல்லைக்கு நட்ட சர்வே கல் என்று நம்பலாம். கீழே உள்ள வரிசை முழுக்க அதற்காகத்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது உங்களுக்கு ஒரு தெளிவு வருவதற்கான வேலை. நீங்கள் அளந்ததை வைத்து வேலி போடவோ வரப்பை வெட்டவோ கூடாது. அதற்கு நில அளவர் வந்து அளந்து காட்ட வேண்டும்.

1. முதலில் காகிதம், அப்புறம்தான் வயல்

வயலில் இறங்குவதற்கு முன் பட்டா, புல எண் வாரியாக நில விவரம் எழுதியிருக்கும் அ-பதிவேட்டின் பகுதி, புலப்படம் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். எஃப்.எம்.பி. என்று எல்லோரும் சொல்வது இந்தப் புலப்படத்தைத்தான். தமிழக அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் (சர்வே நம்பர்) கொடுத்தால் கிடைக்கும். நத்தத்தில், அதாவது ஊர்க் குடியிருப்புப் பகுதியில், இருக்கும் வீட்டு மனைக்குப் பதிவேடு வேறு. அங்கே நத்தம் என்பதைத் தேர்ந்தெடுத்துத் தேட வேண்டும்.

உங்கள் புல எண்ணை மட்டும் எடுத்தால் போதாது. சுற்றியுள்ள அத்தனை எண்களின் படமும் வேண்டும். உங்கள் கிழக்கு எல்லைதான் அடுத்த புலத்தின் மேற்கு எல்லை. ஒரே கோடு இரண்டு படத்திலும் ஒரே நீளமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் சிக்கல் வயலில் இல்லை, பதிவேட்டில் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் வெயிலில் நாள் முழுக்க டேப் பிடித்துப் பயனில்லை.

பழைய பத்திரம் வைத்திருப்பவர்கள் எண்ணைக் கவனிக்க வேண்டும். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது யு.டி.ஆரில், பதிவேடுகள் திருத்தி எழுதப்பட்டன. பத்திரத்தில் இருக்கும் எண்ணும் இன்றைய பட்டாவில் இருக்கும் எண்ணும் ஒன்றல்ல என்றால், பழைய எண்ணுக்கு நேரான புதிய எண் எது என்று கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்ட அலுவலகத்திலோ கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வேறு புலத்தின் படத்தை வைத்துக்கொண்டு தன் வயலை அளந்தவரைப் பார்த்திருக்கிறேன். இரண்டு நாள் போச்சு.

பத்திரத்தில் ‘மா’, ‘குழி’ என்று இருந்தால் பதற வேண்டாம். தஞ்சைப் பகுதிக் கணக்கில் 144 சதுர அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஒரு மா ஏறத்தாழ 33 சென்ட். ஆனால் பரப்பளவை வைத்து எல்லையைத் தேடாதீர்கள். புதிதாக இறங்குபவர்கள் அதிகம் செய்யும் தவறு இது. “எனக்கு 40 சென்ட் வரணும், வர்ற வரைக்கும் அளப்போம்” என்று போனால், கோடு பக்கத்து வயலுக்குள் போய் நிற்கும். கோட்டை முதலில் பிடித்தால் பரப்பு தானாக வரும்.

2. புலப்படத்தில் என்ன படிக்க வேண்டும்

முதலில் அளவு மீட்டரா, சங்கிலிக் கண்ணியா என்று பாருங்கள். லிங்க் என்று சொல்கிறோமே, அதுதான் கண்ணி. பழைய படங்கள் 66 அடிச் சங்கிலியில் அளந்தவை. அதில் 100 கண்ணி, ஒரு கண்ணி 7.92 அங்குலம், சுமார் 20.1 செ.மீ. 428 கண்ணி என்று இருந்தால் 86.1 மீட்டர். அதை மீட்டர் என்றோ அடி என்றோ நினைத்து அளந்தால் எங்கேயும் ஒத்து வராது.

அடுத்தது கோடுகள். புலத்தின் வெளி எல்லைக் கோட்டை எஃப் லைன் என்கிறார்கள். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு வயலின் குறுக்கே போகும் கோடு ஜி லைன். மற்ற மூலைகளையும் வளைவுகளையும் அந்தக் குறுக்குக் கோட்டிலிருந்து செங்குத்தாக எவ்வளவு தள்ளி என்று குறித்திருப்பார்கள். ஏணி மாதிரி எழுதியிருக்கும் கணக்கு அதுதான். நடுவில் இருக்கும் எண்கள் தொடக்கக் கல்லிலிருந்து கூட்டிக்கொண்டே போகும் தூரம். பக்கவாட்டில் இருப்பவை செங்குத்து தூரம்.

ஒரு உதாரணம். ஏ கல்லிலிருந்து சி கல்லுக்கு ஜி லைன் 118.6 மீட்டர். அதில் 41.2-ல் வலது பக்கம் 23.8 என்று இருக்கிறது. ஏ-யிலிருந்து 41.2 மீட்டர் போய், சரியாகச் செங்குத்தாக வலது பக்கம் 23.8 மீட்டர் போனால் பி மூலை. இதைக் காகிதத்திலேயே சரிபார்க்கலாம். ஏ-யிலிருந்து பி-க்கு நேர்த்தூரம் 47.6, பி-யிலிருந்து சி-க்கு 81.0 வர வேண்டும். படத்தில் விளிம்புக் கோடுகளின் நீளமும் அப்படியே இருந்தால் படத்தைச் சரியாகப் படித்திருக்கிறீர்கள்.

இந்தக் கணக்கை வீட்டில் உட்கார்ந்து போட்டுவிடுங்கள். வயலில் ஆளுக்கொரு பேச்சு பேசும்போது போட முடியாது.

3. எப்போது இறங்குவது

சம்பா அறுத்து, அறுப்புக்கு முன் தெளித்த உளுந்தும் எடுத்த பிறகு, குறுவைக்கு உழுவதற்கு முன். அதுதான் காலம். பயிர் இருக்கும்போது டேப்பை நேராகப் பிடிக்க முடியாது. பக்கத்து வயல்காரருக்கு நெல்லை மிதித்த கோபம் வேறு.

நடுக்கோடையில் களிமண் வெடித்துக் கல்லாக இறுகிவிடும், கம்பி இறங்காது. அப்படி இறுகியிருந்தால் ஒரு கோடை மழை பெய்த மறுநாளோ, சந்தேகப்படும் இடத்தில் மட்டும் முதல் நாள் மாலை நான்கு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டோ பாருங்கள்.

4. கையில் இருக்க வேண்டியவை

50 மீட்டர் டேப் ஒன்று, முடிந்தால் இரண்டு. துணி டேப் இழுத்தால் நீளும். ஃபைபர் டேப்போ இரும்பு டேப்போ நல்லது. நைலான் கயிறு, பத்துப் பதினைந்து முளைக்குச்சி, நேர்க்கோடு பார்க்க ஆளுயர மூங்கில் குச்சி நான்கு, மண்ணில் குத்திப் பார்க்க ஒரு முனை கூராக்கிய 8 மி.மீ. கம்பி, மண்வெட்டி, தண்ணீர், தேங்காய் நார். ஆள் மூன்று பேராவது வேண்டும்.

போனில் இருக்கும் ஜி.பி.எஸ்ஸை நம்பி எல்லை பார்க்காதீர்கள். அது சில மீட்டர் தவறிக் காட்டும். நமக்குச் சண்டையே ஒரு முழ வரப்புக்குத்தான். எந்தப் புலத்தில் நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ள மட்டும் அது உதவும்.

5. இது சர்வே கல்லா, வேறு கல்லா?

காவிரி கொண்டுவந்து போட்ட வண்டலில் கருங்கல் கிடையாது. நம் வயலில் கருங்கல் ஒன்று நின்றால் அதை யாரோ எங்கிருந்தோ கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள். யார், எதற்கு என்பதுதான் கேள்வி.

சர்வே கல் பொதுவாகச் சதுர முகம் கொண்ட கருங்கல். வெளியே தெரியும் தலைப்பகுதி ஓரளவு செதுக்கியிருக்கும், மண்ணுக்குள் இருப்பது கரடுமுரடாக இருக்கும். உச்சியில் சிறு குழியோ கூட்டல் குறியோ, சிலவற்றில் அம்புக்குறியோ பார்க்கலாம். தேய்ந்துபோன குறியைக் கண்டுபிடிக்க, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, ஈரம் காயும்போது பக்கவாட்டு வெயிலில் பாருங்கள். உச்சி வெயிலில் தெரியாத குறி காலை ஏழு மணிக்குத் தெரியும். குறி இல்லை என்பதற்காக ஒதுக்கிவிடவும் கூடாது. இருக்கிறது என்பதற்காக ஏற்றுக்கொள்ளவும் கூடாது.

குழப்பும் கற்கள் நிறைய. வேலிக்கு நட்ட கருங்கல் கால்கள் பழசானதும் அச்சு அசலாக அதே மாதிரி இருக்கும். அவற்றில் கம்பி கட்டிய துளையோ தேய்மானமோ இருக்கிறதா என்று பாருங்கள். மனை போட்டவர்கள் நடும் சிமென்ட் கட்டைகள் பிளாட் கணக்குக்கு உரியவை. ஆற்றங்கரை, சாலை, ரயில் பாதை ஓரங்களில் அந்தந்தத் துறை தன் இடத்துக்கு நட்ட கல் இருக்கும். திருவாரூர், நாகை பக்கம் எரிவாயு, எண்ணெய்க் குழாய் போகும் இடங்களில் நிற்கும் அடையாளக் கம்பங்கள் குழாயின் பாதையைக் காட்டுபவை, நில எல்லைக்கு அவற்றோடு சம்பந்தமே இல்லை. அவற்றுக்குப் பக்கத்தில் தோண்டவும் கூடாது.

சூலம் செதுக்கிய கல் கிடைத்தால் அது சூலக்கல். முற்காலத்தில் சிவன் கோயில் நிலத்துக்கு எல்லை காட்ட நட்டது. சக்கரம் இருந்தால் பெருமாள் கோயில் நிலத்துக்கான திருவாழிக்கல். இன்றைய புலப்படக் கணக்கில் அதற்கு இடமில்லை என்றாலும் அது வரலாற்றுச் சின்னம். அசைக்காமல் வட்டாட்சியருக்குத் தகவல் சொல்லுங்கள்.

6. எந்தக் கல்லிலிருந்து தொடங்குவது

சந்தேகத்தில் இருக்கும் கல்லிலிருந்து ஒருபோதும் தொடங்கக் கூடாது. பிரச்சினை கிழக்கு வரப்பில் என்றால் மேற்கிலிருந்து வாருங்கள்.

மூன்று புலங்கள் சேரும் இடத்தில் இருக்கும் முச்சந்திக்கல் தொடங்க நல்லது. காரணம், அது மூன்று புலப்படங்களிலும் வரும். ஒன்றில் தவறு இருந்தால் மற்ற இரண்டும் காட்டிக்கொடுக்கும். ஊர் எல்லைகள் சேரும் முச்சந்தி இன்னும் நல்லது. அங்கே பெரும்பாலும் பெரிய கல்லாக இருக்கும், யாரும் லேசில் நகர்த்தியிருக்க மாட்டார்கள். எந்தக் கல் எங்கே நின்றது என்பது ஊரில் நீண்ட நாள் வேலை பார்த்த கிராம உதவியாளருக்கும், அந்த வயலில் நாற்று நட்ட பெரியவர்களுக்கும் தெரியும். கேளுங்கள்.

இரண்டு கல் கிடைத்ததும் அவற்றுக்கிடையே உள்ள தூரத்தை அளந்து படத்தோடு ஒப்பிடுங்கள். ஒத்து வந்தால் மூன்றாவது கல்லுக்கும் இதே சோதனை. மூன்று கல்லும் ஒன்றுக்கொன்று ஒத்து வந்த பிறகுதான் உங்களிடம் நம்பகமான அடிப்படை இருக்கிறது. கல் சாய்ந்திருந்தால் தலையிலிருந்து அளக்காதீர்கள். மண்ணைக் கொஞ்சம் விலக்கி அடிப்பகுதி எங்கே நிற்கிறதோ அங்கிருந்து அளவெடுங்கள். சாயும்போது தலைதான் நகரும், அடி அநேகமாக இடத்திலேயே இருக்கும். முழுக்கப் படுத்துக் கிடக்கும் கல்லை எந்தக் கணக்கிலும் சேர்க்காதீர்கள்.

எவ்வளவு வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளலாம்? பழைய சங்கிலியிலும் சரி, பின்னால் வந்த 20 மீட்டர் சங்கிலியிலும் சரி, ஒரு கண்ணி சுமார் 20 செ.மீ.தான். அதற்குக் குறைந்த அளவு படத்திலேயே இல்லாமல் இருக்கலாம். அதனால் ஒரு சாண் வித்தியாசம் வந்தால் நான் கவலைப்படுவதில்லை. அரை மீட்டர் வந்தால் திரும்ப அளப்பேன். ஒரு மீட்டர் வந்தால் இரண்டில் ஒரு கல் நகர்ந்திருக்கிறது, அல்லது அது வேறு கல்.

7. காணாமல் போன கல்லைத் தேடுவது

இதில்தான் அதிகப் பொறுமை வேண்டும். முன்னே சொன்ன உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். பி கல்லைக் காணோம். ஏ, சி இரண்டும் உறுதியானால் அவற்றுக்கிடையே கயிற்றை இழுத்துக் கட்டுங்கள். நடுவில் மூங்கில் குச்சிகளை நட்டு, ஒரு கண்ணை மூடிப் பார்த்து ஒரே நேரில் இருக்கிறதா என்று சரிசெய்யுங்கள். வரப்பில் மேடு ஏறி இறங்கி டேப் பிடித்தால் தூரம் கூடிவிடும். டேப்பை மட்டமாகப் பிடித்து, துண்டு துண்டாக அளந்து முளை அடியுங்கள். துண்டாக அளக்கும்போது ஒரு துண்டைக் கணக்கில் விட்டுவிடுவதும் சகஜம். அதற்காகவே ஒரு ஆள் நோட்டில் எழுதிக்கொண்டே வர வேண்டும்.

செங்குத்து எடுக்க அளவரிடம் அதற்கென்று கருவி இருக்கும். நம்மிடம் டேப்தான். 41.2-ல் முளை அடித்து, அங்கிருந்து கயிற்றின் மேல் 6 மீட்டரில் ஒரு முளை, பக்கவாட்டில் 8 மீட்டர், அந்த இரண்டுக்கும் இடையே 10 மீட்டர் வரும்படி மூன்றாவது முளை. அது செங்கோணம். 3, 4, 5 என்று சின்னதாகப் போட்டால் பிழை கூடும். ஒரு பாகை தப்பினாலே 23.8 மீட்டர் தாண்டும்போது 40 செ.மீ. விலகிவிடும். அது ஒரு வரப்பின் அகலம்.

கிடைத்த இடத்தில் உடனே வெட்டாதீர்கள். ஏ-யிலிருந்து 47.6, சி-யிலிருந்து 81.0 நேராக அளந்து பாருங்கள். இரண்டும் அந்த முளைக்கு வந்தால் அதைச் சுற்றி ஒரு மீட்டர் வட்டத்தில், ஒரு சாணுக்கு ஒரு குத்தாக, கம்பியால் மெதுவாகக் குத்திப் பாருங்கள். களிமண்ணில் கம்பி வழவழவென்று இறங்கும். வேரில் பட்டால் மெத்தென்று இருக்கும். செங்கல் துண்டில் பட்டால் நறநறக்கும். கருங்கல்லில் பட்டால் கை வரைக்கும் அதிரும். ஒருமுறை தெரிந்துகொண்டால் மறக்காது.

போன வருடம் பங்குனியில் ஒரு வயலில் இப்படிக் குத்திக்கொண்டிருந்தபோது பக்கத்து வயல்காரப் பெரியவர் வந்து நின்றார். “தம்பி, எங்க அப்பா காலத்துலேர்ந்து இந்த வரப்புதான் எல்லை. கல்லுன்னு ஒண்ணும் இங்க கிடையாது” என்றார். “சரிங்க ஐயா, இருக்கான்னு மட்டும் பாத்துக்கறோம்” என்றேன். வரப்பிலிருந்து இரண்டு முழம் தள்ளி, வாய்க்கால் தூர்வாரிக் கொட்டிய மண்ணுக்கு அடியில், ஒன்றரை அடி ஆழத்தில் கல்லின் தலை தட்டுப்பட்டது. கழுவினதும் கூட்டல் குறி தெரிந்தது. பெரியவர் குனிந்து அந்தக் குறியில் விரல் வைத்துத் தடவிப் பார்த்தார். வரப்பு அவர் பக்கம்தான் தள்ளி வந்திருந்தது, நஷ்டப்பட்டவர் அவர். அவர் பொய் சொல்லவில்லை, நாங்களும் ஏமாற்றவில்லை. வரப்பு அப்படித்தான். வருடா வருடம் அண்டை வெட்டி மண் அணைக்கும்போது அரை விரற்கடை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் போனாலும் நாற்பது வருடத்தில் எங்கேயோ போய் நிற்கும். வரப்பிலிருந்து அளக்காதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

8. வாய்க்கால் ஓரத்துக் கற்கள்

டெல்டாவில் அதிகம் தொலைவது இவைதான். தூர்வாரும்போது இயந்திரத்தின் வாளியில் கல்லும் சேர்ந்து வந்து கரைமேல் விழும். அறுவடை இயந்திரம் ஏறி இறங்கும் இடத்தில் சாயும். 2018 நவம்பரில் கஜா புயலில் வரப்பிலிருந்த தென்னை சாய்ந்தபோது, அதன் வேரோடு கல் ஒன்று பெயர்ந்து வந்ததைப் பார்த்தேன். ஆக, வாய்க்கால் ஓரம் கிடக்கும் கல்லை மறுபடி மறுபடி சந்தேகப்படுங்கள்.

வாய்க்காலுக்குப் பெரும்பாலும் தனிப் புல எண்ணும் படத்தில் தனி அகலமும் உண்டு. அது புறம்போக்கு. இன்று தண்ணீர் ஓடும் அகலம் அந்த அகலம் அல்ல. ஒரு பக்கம் கரை அரித்து மறுபக்கம் மண் சேர்ந்திருக்கும். தண்ணீர் விளிம்பிலிருந்து அளந்தால் அரசு நிலத்தைச் சேர்த்து உங்களுடையது என்பீர்கள், அல்லது உங்கள் நிலத்தை விட்டுக்கொடுப்பீர்கள். வாய்க்காலுக்கு எதிர்க்கரையில் இருக்கும் புலத்தின் கல்லையும் தேடி, இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் படத்தில் இருக்கும் வாய்க்கால் அகலத்தோடு ஒத்து வருகிறதா என்று பாருங்கள்.

9. கல் கிடைத்ததும் செய்யக் கூடாதது

பிடுங்காதீர்கள், நிமிர்த்தாதீர்கள், சுற்றிச் சிமென்ட் போடாதீர்கள். நல்ல எண்ணத்தில் நிமிர்த்தி வைத்தாலும், “இவர்தான் நகர்த்தினார்” என்ற பேச்சு வரும். அரசு ஊழியர் நாட்டிய எல்லைக் குறியை அழிப்பதும் நகர்த்துவதும் குற்றம். ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

பக்கத்து வயல்காரரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். கல்லோடு டேப் தெரியும்படி, பின்னால் மரமோ மோட்டார் கொட்டகையோ தெரியும்படி படம் எடுங்கள். அளவுகளைத் தேதியோடு எழுதிவைத்துவிட்டு மண்ணை மூடி, பக்கத்தில் ஒரு குச்சி நடுங்கள். அவர் இல்லாத நேரத்தில் தோண்டிக் காட்டியதை அவர் நம்ப வேண்டிய அவசியமில்லை. முடிந்தால் அளக்கும் நாளையே அவரிடம் சொல்லிவிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

10. நில அளவரை வரவழைப்பது

கல் காணவில்லை, அல்லது கணக்கு ஒத்து வரவில்லை என்றால் அத்துக் காட்ட, அதாவது எல்லையை அளந்து காட்ட, விண்ணப்பிக்க வேண்டும். இணையத்திலும் இ-சேவை மையத்திலும் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டலாம். அண்டை நிலத்தாருக்கு அறிவிப்பு போகும். பட்டா உங்கள் பெயரில் இருக்க வேண்டும். தாத்தா பெயரிலேயே இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். கூட்டுப் பட்டாவில் உங்கள் பங்கைப் பிரிக்க வேண்டும் என்றால் அது உட்பிரிவு விண்ணப்பம், இது அல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டு பணம் கட்டிக் காத்திருப்பவர்கள் நிறைய.

1923-ஆம் ஆண்டின் நில அளவை, எல்லைகள் சட்டப்படி தன் நிலத்தின் அளவைக் குறிகளைப் பராமரிப்பது பதிவுபெற்ற நிலத்துக்காரரின் கடமை. கல் இல்லை என்று தெரிந்தும் சும்மா இருக்காமல், கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கிவையுங்கள்.

அளவர் வரும் நாளில் உங்கள் நோட்டு, படங்கள், நீங்கள் கண்டுபிடித்த கற்களின் இடம் எல்லாம் தயாராக இருந்தால் அரை நாள் வேலை ஒரு மணி நேரத்தில் முடியும். எந்தக் கல்லை அடிப்படையாக வைத்து அளந்தார் என்று மரியாதையாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அளந்ததற்கான குறிப்பும் கையெழுத்தும் வாங்காமல் அனுப்பாதீர்கள்.

கல் நட்ட அன்றே இன்னொரு வேலையையும் முடித்துவிடுங்கள். நகராத இரண்டு பொருள்களிலிருந்து, உதாரணமாக மோட்டார் கொட்டகையின் மூலை, மதகின் சுவர், ஒவ்வொரு கல்லுக்கும் உள்ள தூரத்தை அளந்து பட்டா நகலின் பின்பக்கத்தில் எழுதிவையுங்கள். அடுத்த முறை தூர்வார இயந்திரம் வரும் முன் கல்லுக்குப் பக்கத்தில் சிவப்புத் துணி கட்டிய மூங்கிலை நட்டு, ஓட்டுநரிடம் நேரில் சொல்லிவிடுங்கள்.